காலியாக விட்ட கட்டம்

அறிவழகன் சார் இறந்து பதினோரு மாதம் கழித்து, செங்காட்டூர் நகராட்சிக் கூட்டத்தில் முருகன் பெயரைச் சொன்னார்.

உயிரோடு இருந்த எழுபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் அப்படி வந்ததில்லை. அவரிடம் படித்த பையன்களில் நாலைந்து முருகன்கள் உண்டு. அவர்களைக் கூப்பிட்டிருப்பார், அவ்வளவுதான்.

செத்தவர் எப்படிப் பேசுவார் என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் விஞ்ஞானம் கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

நம் பேரப்பிள்ளைகளுக்குத் தலை நரைத்திருக்கும் காலம் அது. ஒருவர் இறந்ததும், வாழ்நாளில் அவர் எங்கெங்கே பேசிப் பதிவானதோ அதையெல்லாம் திரட்டி ஒரு பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு செம்பு உயரம்தான் இருக்கும். கேட்டால் பதில் சொல்லும், அதே குரலில், அதே இழுவையில். அரசாங்கம் அதற்கு எஞ்சுகுரல் என்று பெயர் வைத்தது. சனங்கள் பெட்டி என்றார்கள். ‘எங்க அப்பாவைப் பெட்டியில வச்சிருக்கோம்’ என்று சொன்னால் யாரும் பதறாத காலம்.

பெட்டிகள் வந்தபின் ஊர்களில் ஒரு வழக்கமும் வந்தது. இறந்துபோன உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்தை மாற்ற வேண்டுமென்றால், முதலில் அவர் பெட்டியைச் சபையில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அது சொன்னபடி நடக்க வேண்டும் என்றில்லை. கேட்க வேண்டும். போனவருக்கு ஒரு மரியாதை.

அறிவழகன் சார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு இரண்டு முறை நகராட்சி உறுப்பினர். கடவுள் இல்லை என்ற தன் எண்ணத்தை அவர் மறைத்து வைத்ததும் இல்லை, சத்தம் போட்டுச் சொல்லித் திரிந்ததும் இல்லை. கேட்டால் சொல்வார். அவர் கொண்டுவந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் ஊரில் நிலைத்தது. நகராட்சிக் கூட்டத்தை எந்த மதத்து வணக்கத்தோடும் தொடங்கக் கூடாது, மணி அடித்தால் நேராக முதல் பொருள் என்ற தீர்மானம். பதினான்கு வருஷம் அப்படித்தான் நடந்தது. புதிய தலைவர் யாழினி அதை மாற்றி இறைவணக்கம் வைக்கலாம் என்றார். வழக்கப்படி வீட்டிலிருந்து பெட்டியை வரவழைத்துக் கேட்டார்கள்.

பெட்டி கனைத்துக்கொண்டு சொன்னது: “முருகன் பேரைச் சொல்லி ஆரம்பிங்க. எல்லாம் அவன் பாத்துப்பான்.”

சபை கைதட்டியது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பக்கம் போனதும் சாருக்கே தெரிந்துவிட்டது பார் என்றார்கள் டீக்கடையில். அவர் மனைவி எழிலரசியிடமே காய்கறிக்காரப் பெண் சொன்னாள், நல்ல மனசோடுதான்: “அக்கா, இனிமே நீங்களும் ஒரு வெளக்கு ஏத்தலாம்ல. சாரே சொல்லிட்டாரு.”

எழிலரசி வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பிள்ளைகள் இல்லாத வீடு. சாமி படம் இல்லாத வீடும்கூட. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் மாலை மாற்றி, நாலு பேர் வாழ்த்திப் பேசி முடிந்த கல்யாணம். அவர் இறந்ததும், எழுதி வைத்திருந்தபடி உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தாள். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் இறந்தவரை நினைக்க ஒரு திதி இருந்தது, ஒரு கல்லறை இருந்தது, கரைத்துவிட்டு வந்த ஓர் ஆறாவது இருந்தது. அவளுக்கு அப்படிப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. பெட்டி ஒன்றுதான் இருந்தது.

அது காலையில், “எழில் கண்ணு, எந்திரிச்சிட்டியா?” என்று கேட்கும். கடைக்குக் கிளம்பினால், “வெயில்ல போகாதம்மா” என்னும். பதினோரு மாதமாக அவள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் சமைத்தாள், துணி மடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆள் இருக்கும்போதுகூட அந்த வீட்டில் இவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டதில்லை என்றார்கள்.

மறுநாள் காலையில் நல்லசிவம் வந்தார். நகராட்சி உறுப்பினர். விபூதி இல்லாமல் அவர் நெற்றியை யாரும் பார்த்ததில்லை. அறிவழகனோடு முப்பது வருஷம் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து சண்டை போட்டவர். உள்ளே வந்தவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பெட்டி இருந்த மேசைக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சி, நேத்து நீ சபைக்கு வரல.”

“எதுக்குண்ணே வரணும். அதான் ஊரே சொல்லுதே.”

“எல்லாரும் கைதட்டுனாங்க. நான் தட்டல.” குரலைத் தாழ்த்தினார், பெட்டிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. “அது அவன் இல்ல.”

எழிலரசி டீ டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“ஒரு தடவையாவது இவனை மடக்கிரணும்னு முப்பது வருஷம் பாத்தேன். பழனிக்கு நடந்தப்பகூட அதைத்தான் வேண்டிக்கிட்டேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஆனா நேத்து ஜெயிச்சேன் பாரு, அது பொணத்தோட கையத் தூக்கிப் பிடிச்சு ஓட்டு வாங்குன மாதிரி இருந்துச்சு.”

“இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?”

“ஓட்டு அடுத்த கூட்டத்துலதான். ஏழு நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம். நீ மட்டும்தான் குடுக்க முடியும். பெட்டி ஆபீஸ்லருந்து வந்து பாப்பாங்க.” எழுந்து நின்று, இப்போது டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். “ஒண்ணு சொல்லிடறேன். அவன் நெசமா என்ன சொன்னாலும் ஓட்டுல என் கை கும்பிடறதுக்குத்தான் ஒசரும். அதுல மாத்தம் இல்ல.”

“அது தெரியும்ணே.”

“அவன் வேண்டாம்னு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நான் தோக்கடிக்கணும். அதான் மொறை.”

எழிலரசி அன்றைக்கே ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஜெனிட்டா வந்தாள். பெட்டி அலுவலகத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்ப்பவள், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பெட்டியின் அடிப்பக்கத்தைத் திறந்து, தன் கையிலிருந்த திரையோடு இணைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

“சார் வீட்டுக்குள்ள மைக் எதுவும் விடலியாம்மா?”

“விடல. போனைக்கூட வாசல்ல இருக்கற அலமாரியில வச்சிட்டுத்தான் உள்ள வருவாரு. வீட்ல பேசறது வீட்டோடம்பாரு.”

“அதான். பள்ளிக்கூடத்துல நடத்துன பாடம் இருக்கு, சபையில பேசுனது இருக்கு, டீக்கடை கேமராவுல கொஞ்சம் இருக்கு. வீட்ல பேசுனது ஒரு வார்த்தை இல்ல. நூத்துக்கு எழுபது பங்கு காலி.”

“காலின்னா? தினம் பேசுதே.”

“பதிவு இல்லாத இடத்துல இது சும்மா இருக்காதும்மா. சும்மா இருக்க இதுக்குத் தெரியாது. இந்த வட்டாரத்துல, இதே வயசு ஆம்பளைங்க அந்த எடத்துல என்ன சொல்வாங்களோ, அதை எடுத்துச் சார் குரல்ல போட்டுக்கும். நிரப்புன்னு சொல்வோம். எல்லாப் பெட்டியிலயும் கொஞ்சம் இருக்கும். இவ்வளவு இருந்து நான் பாத்ததில்ல.”

எழிலரசி யோசித்தாள். “அப்ப, எவன் தன் வீட்டைத் தனக்குன்னு வச்சிக்கிட்டானோ, அவன்தான் செத்தப்புறம் ஊரா மாறிப்போறான்.”

“அப்படித்தாம்மா ஆகுது.” ஜெனிட்டா திரையைத் திருப்பிக் காட்டினாள். “இன்னொண்ணு. பெட்டி வாங்குறப்ப ஒரு பாரம் குடுத்தோம்ல. அதுல மதம்னு ஒரு கட்டம். காலியா விட்டிருக்கீங்க.”

“எந்தப் பாரத்துலயும் அதை நாங்க எழுதுனதில்ல. கல்யாணம் ஆன நாள்லருந்து. ஆஸ்பத்திரியில, ரேஷன்ல, கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட, எங்கயும். என்னங்க விட்டுட்டீங்களேம்பாங்க. விடலங்க, அதான் பதிலும்பாரு இவரு.”

“மனுசங்க கிட்டன்னா அது பதில். இதுக்குக் காலின்னா மறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஊர்ல அதிகம் பேர் எதுவோ அதைப் போட்டுக்கும்.”

“வேற என்ன எழுதியிருக்கணும்?”

ஜெனிட்டா கொஞ்சம் தயங்கினாள். “வேற எழுத எடமே இல்லம்மா. இருக்கற பட்டியல்லருந்து ஒண்ணைத் தொடணும். இல்லேன்னா விடணும்.”

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தொரு வருஷமாக இரண்டு பேரும் பெருமையோடு விட்டு வந்த வெற்றிடம் அது. கடைசியில் அதன் வழியாகத்தான் ஊர் உள்ளே வந்திருக்கிறது.

“நான் வாரம் தவறாம சர்ச்சுக்குப் போறவம்மா,” என்றாள் ஜெனிட்டா. “சார் கொள்கை எனக்கு ஒத்து வராது. ஆனா எனக்கப்புறம் யாரோ என் குரல்ல வேற ஒண்ணைக் கும்பிட்டா, எனக்குப் பொறுக்குமான்னு நெனச்சுப் பாத்தேன். எடுத்துத் தரேன். நிரப்பை எடுத்துட்டா வெறுங்குரல் மட்டும் நிக்கும். சபையில அதைத்தான் ஏத்துக்குவாங்க.”

“முருகனை மட்டும் எடுத்தாப் போதும்.”

“அப்படித் தனியா எடுக்க வராதும்மா. அரைச்ச மாவுலருந்து உப்பை மட்டும் எடுக்கச் சொல்ற மாதிரி. எடுத்தா முழுசா எடுக்கணும்.”

“இதை இப்படியே வச்சிட்டு, சபைக்கு ஒண்ணு தனியா?”

“ஒரு ஆளுக்கு ஒரு குரல்தான், சட்டம். இல்லேன்னா அண்ணனுக்கு ஒரு அப்பா, தம்பிக்கு ஒரு அப்பான்னு வச்சிக்கிட்டுச் சொத்துக்கு நிப்பாங்க. எடுத்ததைத் திரும்பப் போடவும் முடியாது.” ஜெனிட்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “என்னென்ன போகும்னு படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்னு விதி. படிக்கட்டுமா?”

“படிம்மா.”

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள், நீதிமன்றத்தில் படிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல். “முருகா. எல்லாம் அவன் பாத்துப்பான். எழில் கண்ணு. எந்திரிச்சிட்டியா. வெயில்ல போகாதம்மா. இன்னிக்குக் கொழம்பு நல்லா இருந்துச்சு. நீ இல்லாம எனக்கு என்ன இருக்கு.”

அங்கே நிறுத்திவிட்டாள்.

“அம்மா, இதெல்லாமும் சார் இல்ல…”

“தெரியும்.”

“எப்பலருந்து?”

“பெட்டி வந்த அன்னிக்கே தெரியும். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மனுசன் இல்ல அவரு. ‘இந்தா’ம்பாரு. இல்லேன்னா கனைப்பாரு, நான் திரும்பிப் பாப்பேன். நல்ல மனுசன். எனக்குக் காய்ச்சல்னா ரெண்டு நாள் லீவு போட்டு எல்லா வேலையும் செய்வாரு. ஆனா வாயைத் தெறந்து எப்படி இருக்கேன்னு கேக்க வராது.”

ஜெனிட்டா திரையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“மனசுல இருந்திருக்கும், சொல்லத் தெரியல, மெஷின் தோண்டி எடுத்துச் சொல்லுதுன்னு வச்சிக்கிட்டேன். அதுக்கு என்ன ஆதாரம்னா ஒண்ணும் இல்ல. கேக்க நல்லா இருந்துச்சு. அதோட, தும்முனா முருகான்னும் சொல்லும். காதுல விழாத மாதிரி இருந்துக்கிட்டேன். வீட்டுக்குள்ளதானே, யாருக்குத் தெரியப்போவுதுன்னு.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “ஆஸ்பத்திரி வாசல்ல சாமி மாடத்து முன்னால கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்கல்ல. எதை நம்பிங்க நிக்கிறீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் கேட்டிருக்கோம். சிரிச்சிக்கிட்டே கேட்டிருக்கோம். அப்படிச் சிரிச்சிருக்க வேண்டாம்னு இப்பத் தோணுது.”

“அப்ப இருக்கட்டுமாம்மா? நீங்க ஆட்சேபணையைத் திரும்ப வாங்கிக்கலாம். யாரும் தப்பா சொல்ல மாட்டாங்க.”

எழிலரசி பெட்டியின் பக்கம் திரும்பினாள். “ஏங்க. கையெழுத்துப் போடட்டுமா?”

பெட்டி உடனே சொன்னது: “உன் இஷ்டம் கண்ணு. நீ எது செஞ்சாலும் எனக்குச் சரி.”

அந்தக் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. ஜெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவரா இருந்தா, முழுசாப் படிச்சுப் பாத்துட்டுப் போடும்பாரு,” என்றாள் எழிலரசி. ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். அரை மணி நேரம் ஆனது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்தால் யாரும் கேட்கவில்லை. வெயிலில் போனாள், வந்தாள். பெட்டி எப்போதாவது கனைக்கும். அப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் வராது.

ஒரு நாள் மின்சாரம் போனது. பழக்கத்தில், “கரன்ட் எப்பங்க வரும்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். பெட்டி சடசடவென்று பேசியது: “மின்னோட்டம்னா என்ன? கடைசி பெஞ்சு, எந்திரிச்சுச் சொல்லு.” பாடம் நடத்திய காலத்துக் குரல், இளமையாக, கொஞ்சம் அதட்டலாக. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து சில நாள் அவள் கேட்டுப் பார்த்தாள். வானம் ஏன் நீலம், இரும்புக் கப்பல் ஏன் முங்குவதில்லை. சொன்னார். அழகாகச் சொன்னார். வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருநூறு முன்னூறு பிள்ளைகள் கேட்ட குரலை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். என்னைப் பற்றி ஏதாவது சொல்லுங்க என்றும் ஒரு தடவை கேட்டாள். பெட்டி பேசவில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் இருந்ததெல்லாம் அவளுக்கு மட்டும் தெரிந்தது, அவளோடு போகப் போவது.

கூட்ட நாள் வந்தது. ஆடி மாதம், காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்துப் போய்த் தலைவர் மேசையில் வைத்துவிட்டு, எழிலரசி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான்.

நகராட்சித் தீர்மானங்கள் அப்போதும் காகிதத்தில்தான் இருந்தன, சட்டம் அப்படி. பழைய மண்டபம், சன்னல்கள் சரியாகச் சாத்தவும் வராது. தலைவர் யாழினி ஒரு கையால் காகிதக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“சார், இப்ப வெறுங்குரலா வந்திருக்கீங்க. உங்க தீர்மானத்தை மாத்தலாம்னு இருக்கோம். உங்க கருத்தைச் சொல்லுங்க.”

பெட்டி பேசாமல் இருந்தது. பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பிறகு ஒரு கனைப்பு.

“மாத்த உங்களுக்கு உரிமை இருக்கு.” இடைவெளி. “நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.” மறுபடி இடைவெளி, சன்னல் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும். “கும்பிடறவங்க வீட்ல கும்பிடலாம், கோயில்ல கும்பிடலாம், மசூதியில, சர்ச்சுல, எங்க வேணா கும்பிட்டுட்டு வரலாம். கும்பிடாதவனும் தெருவுல தண்ணி வரலேன்னா இந்த ஒரு ரூமுக்குத்தான் வரணும். உள்ள வரும்போதே அவனை வேற ஆளா நிக்க வைக்காதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அவ்வளவுதான். கண்ணு இல்லை, முருகன் இல்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே சபையில் சொன்னது. எழிலரசி அன்றைக்கு இங்கே இல்லை. அவர் வீட்டுக்கு வந்து, தீர்மானம் பாஸாயிருச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இது அவன்,” என்றார், பொதுவாக.

ஓட்டெடுப்பு நடந்தது. இறைவணக்கம் வேண்டும் என்று பெரும்பாலான கைகள் உயர்ந்தன. நல்லசிவம் கையும் உயர்ந்தது, சொன்னபடியே. தீர்மானம் மாறியது. ஆனால் குறிப்பேட்டில் முந்தின கூட்டத்துப் பதிலை அடித்துவிட்டு, உறுப்பினர் அறிவழகன் எதிர்த்தார் என்று எழுதினார்கள். எழிலரசி எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அதற்குத்தான் வந்திருந்தாள்.

“இன்னிக்கே தொடங்கிரலாம். எல்லாரும் ஒரு நிமிசம் அவங்கவங்க கடவுளை நெனச்சுக்குங்க,” என்றார் யாழினி.

எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள். எழிலரசியும் மரியாதைக்கு எழுந்தாள். கண்ணை மூட அவளுக்குக் காரணம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் கடுகடுவென்று இருக்கும் யாழினியின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்திருந்தது. நல்லசிவத்தின் உதடு குழந்தைபோல அசைந்தது. போன கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தியவர்கூட அடங்கி நின்றார். யாரும் தங்களைப் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் இவ்வளவு களைத்தும் இவ்வளவு சாதுவாகவும் இருப்பார்கள் என்பதை இந்த நேரத்தில் பார்க்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். பக்கத்தில் இருந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். நாற்பத்தொரு வருஷம் இப்படி எத்தனை கூட்டத்தில், எத்தனை கல்யாண வீட்டில், திறந்த கண்ணோடு இரண்டு பேராக நின்றிருக்கிறார்கள். இப்போது ஒருத்தி.

அப்போதுதான் காற்று வந்தது.

கும்பிடுவதற்காக யாழினி இரண்டு கையையும் சேர்த்திருந்தார். காகிதங்கள் மேசையிலிருந்து எழும்பித் தரையெல்லாம் பறந்தன. சன்னல் பக்கம் ஒன்று போனது. கதவுகள் அடித்துக்கொண்ட சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

எழிலரசி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனாள். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முழங்கால் வலித்தது. சன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்ததை எட்டி எடுத்தாள். மேற்குத் தெருக் குடிநீர்க் குழாய், மூன்றாம் வார்டு விளக்குக் கம்பம், பள்ளிக்கூடக் கழிப்பறை. பக்க எண் பார்த்து அடுக்கி, மேசையில் வைத்து, கனத்துக்கு அவர் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தாள். ஒருவர் மூச்சுகூட மாறவில்லை. வந்த வழியே திரும்பித் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

மணி அடித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து உட்கார்ந்தார்கள். யாழினி பதறிக் காகிதத்தைத் தேடினார். அடுக்கியபடி கண்முன்னே இருந்தது.

“பாத்தீங்களா,” என்றார் சபையைப் பார்த்து, முகம் மலர்ந்து. “இந்தக் காத்துக்கு ஒண்ணுகூடப் பறக்கல. கும்பிட்டு ஆரம்பிச்ச நேரம்.”

சபை ஆமாம் என்று தலையாட்டியது. எழிலரசி உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் பொருளைக் கேட்க உட்கார்ந்தாள்.